அறுபது விநாடி விளம்பரமும் அதில் இருந்த ஒரே தகவலும்: மாணவர்களுக்குப் பரப்புரையை அடையாளம் காட்டுவது எப்படி?

ஒரு சிறுமி பூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒவ்வொரு இதழாகப் பிய்த்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறாள். ஐந்துக்கு அப்புறம் ஏழு வருகிறது, அதற்குப் பிறகுதான் ஆறு வருகிறது. ஒன்பதுக்கு வந்து சேர்ந்ததும் எங்கிருந்தோ ஓர் ஆண் குரல் குறுக்கிட்டு, பத்திலிருந்து தலைகீழாக எண்ணத் தொடங்குகிறது. சிறுமி நிமிர்ந்து பார்க்கிறாள். படம் அப்படியே உறைந்து நிற்க, அவள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்து, கடைசியில் கண்ணின் கருமணி மட்டும் திரையை நிறைக்கிறது. பூஜ்யம். அந்தக் கருப்புக்குள் அணுகுண்டு வெடித்துக் காளான் மேகம் எழுகிறது. அன்பு செலுத்த வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும் என்று அதிபரின் குரல் சொல்கிறது. நவம்பர் 3 அன்று ஜான்சனுக்கு வாக்களியுங்கள் என்ற அறிவிப்போடு படம் முடிகிறது.

1964 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்த தேர்தல் விளம்பரம் இது. மீண்டும் போட்டியிட்ட அதிபர் லிண்டன் ஜான்சன் தரப்பு பணம் கட்டி ஒளிபரப்பியது அந்த ஒரே ஒரு தடவைதான். பரபரப்பு கிளம்பியதும் செய்தி நிகழ்ச்சிகளே அதைத் திரும்பத் திரும்பக் காட்டின. எதிர்த்து நின்றவர் பேரி கோல்ட்வாட்டர். விளம்பரத்தில் அவர் பெயர் இல்லை, படம் இல்லை, அவர் சொன்ன சொல் ஒன்றுகூட இல்லை.

பரப்புரை பற்றி வகுப்பெடுக்கப் போகிற எந்த ஆசிரியருக்கும் நான் முதலில் இதைத்தான் பரிந்துரைப்பேன். போட்டுக் காட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் சரிபார்க்கக்கூடிய தகவல் என்று ஏதாவது இருக்கிறதா?" மாணவர்கள் யோசிப்பார்கள், அணு ஆயுதம் என்பார்கள், போர் என்பார்கள். நிதானமாகத் தேடிப் பார்த்தால் மிஞ்சுவது வாக்குப்பதிவு தேதி மட்டும்தான். "இவர் வந்தால் அணு ஆயுதப் போர் வரும்" என்று விளம்பரம் எங்கேயும் சொல்லவில்லை. அணு ஆயுதங்களைப் பற்றி கோல்ட்வாட்டர் பேசியவை ஏற்கெனவே செய்திகளில் அடிபட்டுக்கொண்டிருந்தன. மக்கள் மனதில் இருந்த அந்தப் பயத்துக்கு ஒரு குழந்தையின் முகம் கிடைத்தது, அவ்வளவுதான். குற்றச்சாட்டை எழுதி முடித்தவர்கள் பார்வையாளர்கள்.

மாணவர்களுக்குப் புரியவைக்க வேண்டியதில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது. நம்மை அசைக்கிற செய்தி பொய்யாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலை திரையில் மட்டும் நடப்பதில்லை, பார்க்கிறவர் மனதுக்குள்தான் பெரும்பாலும் நடக்கிறது. ஆகவே பாடமும் திரையோடு நின்றுவிடக் கூடாது.

தமிழில் ஒரு சின்னச் சிக்கல்

பாடத்துக்குள் போகும் முன் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். தமிழில் "பரப்புரை", "பிரச்சாரம்" இரண்டுமே கெட்ட வார்த்தைகள் அல்ல. தேர்தல் பிரச்சாரம் என்கிறோம், போலியோ ஒழிப்புப் பிரச்சாரம் என்கிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆங்கிலத்தில் புரொபகாண்டா என்றாலே சூழ்ச்சி என்ற வாடை வந்துவிடுகிறது. அந்தச் சொல்லின் பிறப்பிலும் அந்த வாடை கிடையாது. 1622இல் போப் பதினைந்தாம் கிரெகோரி, சமயத்தைப் பரப்புவதற்காக ஒரு சபையை நிறுவினார். அந்தச் சபையின் லத்தீன் பெயரிலிருந்து வந்த சொல் அது. அதன் பெயரைக் கெடுத்தது முதல் உலகப் போர்.

தமிழ்ச் சொல்லின் இந்த நடுநிலையை நான் குறையாகப் பார்க்கவில்லை, வகுப்புக்கு உதவியாகத்தான் பார்க்கிறேன். ஒரு கருத்தை ஊருக்குக் கொண்டுபோவது தப்பில்லை. எப்போது தப்பாகிறது என்பதுதான் கேள்வி. கேட்கிறவர் யோசிப்பதற்கு இடம் கொடுத்துப் பேசினால் அது இணங்கவைத்தல், வாதம், எடுத்துரைத்தல். அவர் யோசிக்கும் முன்பே முடிவெடுத்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டு, யார் பேசுகிறார்கள் என்பதையோ எது விடுபட்டது என்பதையோ மறைத்துப் பேசினால்தான் நாம் இங்கே பேசுகிற பரப்புரை. இரண்டுக்கும் நடுவே கோடு எப்போதும் தெளிவாகத் தெரியாது. தெரியாத இடங்களில்தான் வகுப்பு சூடு பிடிக்கும்.

ஏழு உத்திகள் வந்த கதை

இதைப் பள்ளிக்கூடப் பாடமாக்கும் முயற்சி புதிதல்ல. 1937இல் நியூயார்க்கில் பரப்புரைப் பகுப்பாய்வு நிறுவனம் என்று ஒன்று தொடங்கப்பட்டது. பணம் கொடுத்தவர் எட்வர்ட் ஃபைலீன் என்ற வணிகர், முன்னின்று நடத்தியவர் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கிளைட் மில்லர். ஐரோப்பாவில் ஹிட்லரின் வானொலி முழங்கிக்கொண்டிருந்த காலம். அமெரிக்காவுக்கு உள்ளேயும் காக்லின் என்ற பாதிரியார் வானொலியில் வெறுப்பைப் பேசிப் பெருங்கூட்டம் சேர்த்திருந்தார். சாதாரண மக்களும் மாணவர்களும் பேச்சைக் கேட்கும்போதே உத்தியைக் கண்டுகொள்ள வேண்டும் என்று அந்த நிறுவனம் ஏழு உத்திகளைப் பெயரிட்டுப் பட்டியல் போட்டது. இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் வலம் வருவது அதே பட்டியல்தான்.

அந்த ஏழில் சில உடனே புரிந்துவிடும். எதிராளியின் வாதத்தைத் தொடாமல் அவர் மேல் ஒரு முத்திரை குத்துவது ஒன்று. "வளர்ச்சி", "மாற்றம்", "சுதந்திரம்" என்று யாரும் மறுக்க முடியாத, ஆனால் பிடித்துப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்காத பளபளப்புச் சொற்களை அள்ளித் தெளிப்பது இன்னொன்று. புகழ்பெற்றவரைச் சாட்சிக்கு நிறுத்துவது, "நானும் உங்களில் ஒருவன்" என்று எளியவர் வேடம் போடுவது, "எல்லாரும் வந்துவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் பாக்கி" என்று அவசரப்படுத்துவது ஆகியவற்றுக்கு விளக்கமே தேவையில்லை. ஒரு நாள் முழுக்கக் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் மாணவர்களே நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வருவார்கள்.

மற்ற இரண்டில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒன்று, ஏற்றிவிடுவது. நாம் ஏற்கெனவே மதிக்கிற ஒன்றின் மதிப்பைச் சம்பந்தமில்லாத இன்னொன்றின் தலையில் ஏற்றிவிடுவது. கொடிக்குப் பக்கத்தில் வேட்பாளர், தாயின் அணைப்புக்குப் பக்கத்தில் சோப்பு, வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் "எப்படி?" என்று கேட்டுவிடலாம். சொல்லாமல் பக்கத்தில் வைப்பதால்தான் கேள்வி எழுவதில்லை. இந்த உத்தியைப் பிடிக்க மிகச் சுலபமான பயிற்சி, விளம்பரத்தின் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பது. பிறகு படத்தை மறைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்பது. சத்தம் இல்லாத முகங்களும் படம் இல்லாத இசையும் தங்கள் வேலையைத் தனித்தனியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று, சாதகமானதை மட்டும் அடுக்குவது. ஏழில் மிகவும் கடினமானது இதுதான், ஏனென்றால் கண்ணுக்கு முன்னால் இருப்பதில் தவறே இருக்காது, தவறு இல்லாமல் போன பகுதியில் இருக்கும். 2007இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் ஒரு கோல்கேட் விளம்பரத்தைக் கண்டித்தது. 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பல் மருத்துவர்கள் கோல்கேட்டைப் பரிந்துரைக்கிறார்கள் என்றது அந்த விளம்பரம். கருத்துக்கணிப்பு நடந்தது உண்மை, எண்ணும் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தக் கணிப்பில் ஒரு மருத்துவர் எத்தனை பற்பசைகளின் பெயரை வேண்டுமானாலும் சொல்லலாம். போட்டி நிறுவனத்தின் பெயரையும் ஏறக்குறைய அதே அளவுக்குச் சொல்லியிருந்தார்கள். "80 சதவீதம்" என்று படித்தவர் என்ன நினைப்பார்? மிச்சமுள்ள 20 சதவீதம்தான் மற்ற எல்லாப் பற்பசைகளுக்கும் என்று நினைப்பார். அந்தத் தப்புக் கணக்கைப் போட்டது படித்தவர். விளம்பரம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. 1964ஆம் ஆண்டுச் சிறுமியின் விளம்பரத்தில் பார்த்த அதே வேலைதான்.

வரைபடங்களிலும் இது உண்டு. இரண்டு பட்டைகள் வரைந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், ஒன்று 92, மற்றது 94. அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். அச்சை 90இல் தொடங்கினால் முதல் பட்டைக்கு இரண்டு கட்டம், அடுத்ததற்கு நான்கு கட்டம். பார்க்கிற கண்ணுக்கு இரண்டு மடங்கு வளர்ச்சி! எண்களைக் கீழே சரியாகவே அச்சிட்டிருப்பார்கள். மாணவர்களிடம் ஒரே தரவைக் கொடுத்து, ஒரு குழு அரசைப் புகழ்ந்தும் ஒரு குழு அரசைக் குறை சொல்லியும் வரைபடம் போடட்டும் என்று விட்டுவிடுங்கள். பொய் எண் ஒன்றைக்கூடச் சேர்க்கக் கூடாது என்பது மட்டுமே விதி. அரை மணி நேரத்தில் இரண்டு வேறு நாடுகள் சுவரில் தொங்கும்.

கடையும் மேடையும் ஒரே பட்டறை

விளம்பரத்தையும் அரசியலையும் ஏன் ஒரே பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அரசியல் வந்தால் பெற்றோர் கோபித்துக்கொள்வார்கள், விளம்பரத்தோடு நிறுத்திக்கொள்ளலாமே என்பது அவர்கள் கவலை. கவலை புரிகிறது. ஆனால் இந்த இரண்டையும் செய்தவர்கள் பல நேரம் ஒரே ஆட்கள். பணம் கொடுப்பவர் மட்டும்தான் மாறினார்.

எட்வர்ட் பெர்னேய்ஸ் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டின் உறவினர், சகோதரியின் மகன். முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசின் பொதுத் தகவல் குழுவில் வேலை பார்த்தவர். அந்தக் குழுவிடம் "நான்கு நிமிடப் பேச்சாளர்கள்" என்று சுமார் 75,000 தொண்டர்கள் இருந்தார்கள். திரையரங்கில் படச்சுருள் மாற்றும் இடைவெளியில் எழுந்து நின்று போருக்கு ஆதரவாகப் பேசுவது அவர்கள் பணி. பேசுகிறவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், தெரிந்த முகம், அதனால் அது அரசின் குரலாகவே கேட்காது. போர் முடிந்ததும் பெர்னேய்ஸ் அந்த அனுபவத்தை வணிகத்துக்குக் கொண்டுவந்தார். 1929இல் ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க் ஐந்தாம் அவென்யூ ஊர்வலத்தில் இளம் பெண்கள் சிலர் நடந்துகொண்டே சிகரெட் பற்றவைத்தார்கள். பெண்கள் பொது இடத்தில் புகைப்பது அன்று கூடாத செயல். அந்தச் சிகரெட்டுகளுக்கு "சுதந்திரத் தீப்பந்தங்கள்" என்று பெயர் வந்தது. பத்திரிகைகள் அதைப் பெண்ணுரிமைச் செய்தியாக வெளியிட்டன. ஏற்பாடு செய்தவர் பெர்னேய்ஸ், அவருக்குச் சம்பளம் கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி.

இங்கே உத்தியின் பெயரைக் கண்டுபிடிப்பது சுலபம்: விடுதலையின் மதிப்பைச் சிகரெட்டில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் அன்று செய்தித்தாளைப் படித்த ஒருவர் அந்த உத்தியின் பெயரைத் தெரிந்து வைத்திருந்தாலும் தப்பித்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். அவருக்குத் தேவைப்பட்டது பெயர் அல்ல, "இதை ஏற்பாடு செய்தது யார், செலவு யாருடையது?" என்ற கேள்வி. விளம்பரம் விளம்பரமாக வந்தால் பாதி எச்சரிக்கை தானாக வந்துவிடும். செய்தியாக, நண்பரின் பரிந்துரையாக, சாட்சியத்தின் வடிவில் வரும்போதுதான் ஆபத்து.

சாட்சியம் என்றதும் 1990 நினைவுக்கு வருகிறது. அக்டோபர் மாதம் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் நயீரா என்று மட்டும் அறிமுகப்படுத்தப்பட்ட 15 வயதுச் சிறுமி அழுதுகொண்டே சாட்சி சொன்னார். குவைத்துக்குள் புகுந்த இராக்கியப் படையினர் மருத்துவமனை இன்குபேட்டர்களிலிருந்து பச்சிளங்குழந்தைகளை எடுத்துத் தரையில் சாகவிட்டார்கள் என்றார். அதிபரும் செனட்டர்களும் அதை மேடைக்கு மேடை எடுத்துச் சொன்னார்கள். அந்தச் சிறுமி அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், பின்னால் ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் இருந்தது என்பதும் 1992இல்தான் வெளியே வந்தது. இன்குபேட்டர் கதைக்கு ஆதாரமும் கிடைக்கவில்லை. அழுகையை நம்பியவர்கள் முட்டாள்கள் இல்லை. குழந்தை அழுதால் மனம் இளகுவது மனித இயல்பு, அந்த இயல்பை மாணவர்களிடமிருந்து பிடுங்கிவிடக் கூடாது. இளகிய மனதோடேயே "இவர் யார்?" என்று கேட்கப் பழக்க வேண்டும்.

தெரிந்துகொண்டால் போதாதா?

பெயர் தெரிந்தால் மயக்கம் தெளியும் என்று 1937இல் நம்பினார்கள். அதற்குப் பிறகு வந்த உளவியல் ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் குறைத்துவிட்டன. 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் கல்லூரி மாணவர்களிடம் சில வாக்கியங்களைக் காட்டி, உண்மையாக இருக்கும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. சில வாக்கியங்கள் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தன. திரும்ப வந்தவற்றின் மேல் நம்பிக்கை கூடிக்கொண்டே போனது, அவை பொய்யாக இருந்தாலும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இதற்கும் பொருந்தும். சரியான விடை தெரிந்தவர்களையும் திரும்பச் சொல்லுதல் அசைத்துவிடுகிறது என்று 2015இல் வந்த ஆய்வு காட்டியது. அறிவு முழுக் கவசம் அல்ல.

வகுப்பில் உடனே தெரியும் இன்னொரு தடை உண்டு. பழைய சிகரெட் விளம்பரத்தைக் காட்டினால் மாணவர்கள் சிரிப்பார்கள். "இதையெல்லாம் யார் நம்புவார்கள்!" என்பார்கள். ஊடகச் செய்தி மற்றவர்களைத்தான் பாதிக்கும், என்னை அல்ல என்று ஒவ்வொருவரும் நினைப்பதை 1983இல் டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரையில் எடுத்து வைத்தார். இதற்கு "மூன்றாம் மனிதர் விளைவு" என்று பெயர். அந்தச் சிரிப்போடு வகுப்பு முடிந்தால் மாணவர்களுக்குக் கிடைத்தது வெறும் மேட்டிமை உணர்வுதான். அதனால் பழைய விளம்பரத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல், அதே மணி நேரத்துக்குள் அவர்கள் விரும்பிப் பின்தொடரும் ஒருவரின் பரிந்துரையையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். சிரிப்பு நின்றுவிடும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

சரி, எதுதான் உதவுகிறது? 1960களின் தொடக்கத்தில் வில்லியம் மெக்குவைர் என்ற உளவியலாளர் தடுப்பூசியை உவமையாக எடுத்துக்கொண்டார். சாப்பிட்டதும் பல் துலக்க வேண்டும் என்பது போல யாருமே எதிர்த்துப் பேசிக் கேட்டிராத நம்பிக்கைகள்தான் எதிர்வாதம் வந்ததும் எளிதில் சரிந்தன. முன்கூட்டியே பலவீனமான ஓர் எதிர்வாதத்தையும் அதற்கான மறுப்பையும் பார்த்திருந்தவர்கள் அவ்வளவு எளிதில் அசையவில்லை. இதே எண்ணத்தை வைத்து 2018இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கெடுத்த இணைய விளையாட்டு ஒன்று வந்தது. அதில் நீங்களே பொய்ச் செய்தி தயாரிப்பவர்: ஆள்மாறாட்டம் செய்து, கோபத்தைக் கிளறி, ஆட்களைச் சேர்க்க வேண்டும். செய்து பார்த்தவருக்கு அடுத்த முறை வேறொருவர் செய்யும்போது வாடை தெரிந்துவிடும்.

இந்த முறையை நான் ஆதரிக்கிறேன். வகுப்பில் கணினி இல்லாவிட்டாலும் ஒரு காகிதம் போதும்: யாருக்கும் தேவையில்லாத ஒரு பொருளை விற்கும் சுவரொட்டியை மாணவர்களே செய்யட்டும், எந்த உத்தியை ஏன் எடுத்தோம் என்று பின்பக்கம் எழுதட்டும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. தடுப்பூசி போலவே இதன் வீரியமும் நாளாக ஆக மங்குகிறது, ஆண்டுக்கு ஒரு வகுப்பு போதாது. இரண்டாவது இன்னும் முக்கியம். விளையாடியவர்கள் உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவதில் தேறினார்களா, அல்லது எல்லாவற்றையும் சந்தேகப்படத் தொடங்கினார்களா என்ற கேள்வியைப் பிந்தைய மறு ஆய்வுகள் எழுப்பியிருக்கின்றன.

சந்தேகத்துக்கும் ஒரு விலை

1917 ஏப்ரலில் பிரிட்டனின் முன்னணிப் பத்திரிகைகள் ஒரு செய்தி வெளியிட்டன: ஜெர்மானியர்கள் போரில் செத்த தங்கள் வீரர்களின் உடல்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கும் ஆலை நடத்துகிறார்கள் என்று. அது பொய். 1925இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லேன் நாடாளுமன்றத்திலேயே ஜெர்மனியின் மறுப்பை ஏற்றுக்கொண்டார். மக்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள்: போர்க்காலக் கொடூரக் கதைகளை நம்பாதே. பிறகு இரண்டாம் உலகப் போரின்போது நாஜி முகாம்களில் யூதர்களைக் கொத்துக்கொத்தாகக் கொல்கிறார்கள் என்ற தகவல் வந்தபோது, "போன தடவையும் இப்படித்தானே சொன்னார்கள்" என்று பலர் ஒதுக்கித் தள்ளினார்கள். இந்த முறை அது உண்மை.

பரப்புரை பற்றிச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கதையை மனதில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "எல்லாமே விளம்பரம்தான், எல்லாரும் பொய்தான் சொல்கிறார்கள்" என்று ஒரு மாணவர் முடிவுக்கு வந்தால் நாம் தோற்றுவிட்டோம். அப்படிப்பட்டவர் யாரையும் நம்பமாட்டார் என்று நினைக்க வேண்டாம். தன் மனதுக்குப் பிடித்ததைச் சொல்பவரை மட்டும் நம்புவார், ஆதாரம் கேட்கமாட்டார். பழைய நியூயார்க் நிறுவனத்தின் மேலும் இந்தக் குற்றச்சாட்டு விழுந்தது: உத்திகளை மட்டும் சொல்லிக்கொடுத்து இளைஞர்களை எதிலும் பிடிப்பில்லாதவர்களாக்குகிறார்கள் என்றார்கள். அமெரிக்கா போரில் இறங்கியபின் 1942இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. எதிரியின் பரப்புரையை அலசியவர்கள் சொந்த அரசின் பரப்புரையையும் அதே அளவுகோலால் அலச வேண்டிவரும், அதற்கு அப்போது இடமில்லை.

ஆகவே உத்தி இருப்பதும் செய்தி பொய்யாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லும் சுவரொட்டியிலும் புகழ்பெற்ற முகம் இருக்கும், "எல்லாரும் போட்டுக்கொண்டார்கள்" என்ற வரி இருக்கும். அந்த முகத்தையும் வரியையும் எடுத்துவிட்டால் அடியில் ஆதாரம் நிற்கிறதா? தடுப்பூசியில் நிற்கும். சிவப்பழகுக் களிம்பில் நிற்காது. உரித்துப் பார்ப்பது உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

பக்கத்தை விட்டு வெளியே வருதல்

நம்பத் தகுந்ததைக் கண்டுபிடிக்கும் திறமையைச் சந்தேகப்படும் திறமையோடு சேர்த்தே கற்பிக்க முடியும். அதற்கு நல்ல வழி ஒன்றை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2016இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு 7,804 மாணவர் விடைகளைப் பார்த்தது. "விளம்பரதாரர் அளிப்பது" என்று குறிப்பிட்டிருந்த ஒன்றை நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உண்மையான செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். அடுத்து சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்றுப் பேராசிரியர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் என மொத்தம் 45 பேரை உட்காரவைத்து, இணையத்தில் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்து, அழகான சின்னத்தையும் கண்ணியமான பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, பள்ளியில் நாம் காலம்காலமாகச் சொல்லிக்கொடுத்த "உன்னிப்பாகப் படி" என்ற அறிவுரை இங்கே எதிராக வேலை செய்கிறது என்பதுதான். ஐந்தாம் அவென்யூ ஊர்வலச் செய்தியை எத்தனை முறை உன்னிப்பாகப் படித்தாலும் டொபாக்கோ கம்பெனியின் பெயர் கிடைக்காது. வெளியே போய்க் கேட்டால்தான் கிடைக்கும்.

கைப்பேசியில் இது இன்னும் அவசரமாகிறது. முன்பு சுவரொட்டியை எல்லாரும் பார்த்தார்கள், எதிர்க்கட்சிக்காரரும் பார்த்தார், மறுநாள் பதில் சொன்னார். இப்போது ஒரு விளம்பரம் குறிப்பிட்ட வயது, பகுதி, ஆர்வம் உள்ளவர்களின் திரையில் மட்டும் தோன்றி மறையும். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில், 8.7 கோடிப் பேர் வரை தங்கள் தளத்துத் தரவு கைமாறியிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. மாணவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து தங்கள் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடட்டும். விளம்பரத்தின் ஓரத்தில் "இது எனக்கு ஏன் காட்டப்படுகிறது" என்ற இணைப்பு பல தளங்களில் உண்டு, அதைத் தொட்டுப் படிக்கட்டும். தன்னைப் பற்றி விளம்பரதாரர் என்ன நினைத்து வைத்திருக்கிறார் என்று பார்க்கும் அனுபவம் வேறு எந்தப் பாடத்திலும் கிடைக்காது.

இதற்கென்று தனிப் பாடவேளை இல்லையே என்பது அடுத்த கவலை. பின்லாந்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் இதைத் தனிப் பாடமாக வைக்கவில்லை. கணக்கு வகுப்பில் புள்ளிவிவரம் எப்படி ஏமாற்றும் என்பதும், ஓவிய வகுப்பில் படத்தின் பொருளை எப்படித் திரிக்கலாம் என்பதும், வரலாற்று வகுப்பில் பழைய பரப்புரை இயக்கங்களும் வருகின்றன. மொழி வகுப்பில் சொற்களைப் பற்றிப் பேசுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் இது மொழி ஆசிரியருக்கே மிகவும் இயல்பான வேலை. "போரில் பொதுமக்கள் இறந்தார்கள்" என்பதற்கும் "பக்கவிளைவுச் சேதம் ஏற்பட்டது" என்பதற்கும் உள்ள வித்தியாசம் இலக்கணப் பாடமும்கூட. முதல் வாக்கியத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள், இரண்டாவதில் யாருமே இல்லை.

அரசியலைத் தொடும் வரிசை முக்கியம். முதலில் நூறு ஆண்டு பழைய சுவரொட்டிகள், யாருக்கும் வலிக்காது. பிறகு பொருள் விளம்பரங்கள், பிறகு வேறு நாட்டுத் தேர்தல். அதன் பிறகே சொந்த நாட்டின் கட்சிகள், அதிலும் எல்லாக் கட்சிகளிலிருந்தும் சம எண்ணிக்கையில். ஆசிரியர் தன் கட்சி எது என்று காட்டிக்கொண்டால் அந்த நிமிடமே அவரும் ஒரு பரப்புரையாளராகிவிடுவார், மாணவர்கள் அதைச் சரியாகவே கண்டுகொள்வார்கள்.

தேர்வு எப்படி வைப்பது என்று கேட்டால், உத்திகளின் பெயரைப் பொருத்தச் சொல்லும் வினாத்தாள் வேண்டாம் என்பேன். ஒவ்வொரு மாணவரும் தான் முழு மனதோடு ஆதரிக்கிற ஒரு விளம்பரத்தையோ பேச்சையோ தானே தேர்ந்தெடுத்துக் கொண்டுவரட்டும். பார்த்த முதல் நொடியில் எனக்கு என்ன தோன்றியது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், இதைக் கொடுத்தது யார் என்று வெளியே எங்கே தேடினேன், எல்லாவற்றையும் உரித்தபின் என்ன மிஞ்சியது என்று ஒரு பக்கம் எழுதட்டும். கடைசிக் கேள்விக்கு "மிஞ்சியது இன்னும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது, காரணம் இது" என்று எழுதுகிறவருக்கும் முழு மதிப்பெண் உண்டு.